பிகாஸா, சின்ஸா, டியூ டுவா: ஆங்கிலத்தில் காரணம் சொல்ல எதை எடுப்பது?

மாலையில் ஆங்கிலக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வகுப்புக்கு ஒரு தம்பி ஒரு தாளைக் கொண்டுவந்தார். புது வேலையில் சேர இரண்டு நாள் தாமதமாகும் என்று நிறுவனத்துக்கு எழுத வேண்டும், ஒரே ஒரு வரி. அந்த வரியில் பிகாஸ் என்று எழுதி அடித்திருந்தார். பக்கத்தில் சின்ஸ், அதுவும் அடிபட்டிருந்தது. அப்புறம் ஆஸ். கடைசியில் 'டியூ டு' என்று முடித்திருந்தார். தாளில் நின்ற வாக்கியம் இது:

'ஐ வில் ஜாயின் ஆன் வெட்னஸ்டே டியூ டு மை ஃபாதர் இஸ் இன் ஹாஸ்பிடல்.'

முதலில் எழுதிய பிகாஸ்தான் சரி. ஏன் அடித்தீர்கள் என்று கேட்டேன். "சின்னப் பிள்ளைங்க எழுதுற மாதிரி இருக்கு சார்" என்றார்.

இந்தப் பதிலை வேறு வேறு வாயிலிருந்து பல தடவை கேட்டிருக்கிறேன். விடுப்புக் கடிதம், வங்கிக்கு விளக்கம், வாடிக்கையாளருக்கு மன்னிப்பு மின்னஞ்சல் என எதை எழுத உட்கார்ந்தாலும் காரணம் சொல்லும் இடத்தில்தான் பேனா நிற்கிறது. எளிய சொல் மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. கனமான சொல்லைத் தேடிப் போய் இலக்கணத்தில் இடறி விழுகிறோம். அதனால் இந்தச் சொற்களை ஒன்றோடொன்று வைத்து, எது எந்த இடத்துக்குப் பொருந்தும், ஒவ்வொன்றிலும் என்ன ஆபத்து ஒளிந்திருக்கிறது என்று எழுதிவிடலாம் என உட்கார்ந்தேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், பாதிப் பதிலைக் காதே சொல்லிவிடும்.

## தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது

நம்முடைய 'ஆல்' என்ற உருபிலிருந்து வருகிறது. 'மழையால் வரவில்லை' என்கிறோம், 'மழை பெய்ததால் வரவில்லை' என்றும் சொல்கிறோம். முதலாவதில் மழை என்ற பெயர்ச்சொல்லோடு 'ஆல்' ஒட்டுகிறது. இரண்டாவதில் 'பெய்தது' என்பதே பெயராக மாறி அதே 'ஆல்' ஏற்கிறது. நமக்கு இரண்டும் ஒரே வேலை, ஒரே ஒட்டு. மூன்றாம் வேற்றுமை இத்தனை சுலபமாகக் காரணத்தைத் தாங்கிக்கொள்வதால், காரணம் ஒரு பொருளா, ஒரு முழு நிகழ்ச்சியா என்று நாம் யோசிப்பதே இல்லை.

ஆங்கிலம் இங்கே இரண்டு கதவு வைத்திருக்கிறது. காரணம் வெறும் பெயராக இருந்தால் ஒரு கதவு: 'பிகாஸ் ஆஃப் ரெய்ன்'. எழுவாயும் வினையும் சேர்ந்த துண்டாக இருந்தால் இன்னொன்று: 'பிகாஸ் இட் ரெய்ன்ட்'. கதவு மாறிப் போனால் 'பிகாஸ் ஆஃப் இட் ரெய்ன்ட்', 'டியூ டு ஐ வாஸ் சிக்' போன்ற வாக்கியங்கள் பிறக்கின்றன. அந்தத் தம்பியின் தாளில் நடந்தது இதுதான். அவருக்கு ஆங்கிலம் வராமல் நடந்த தவறு இல்லை இது. தமிழில் சரியாகச் சிந்தித்ததால் வந்த தவறு. இதை நான் வகுப்பில் சொல்லும்போது பலருடைய முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. தமிழில் காரணம் இயல்பாக முன்னால் வரும், முடிவு வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் முடிவு முதலில், காரணம் பின்னால் வருவதே அதிகம். நம் வரிசையை அப்படியே கொண்டுபோகும்போது சின்ஸும் ஆஸும் கைக்குத் தானாக வருகின்றன, ஏனென்றால் வாக்கியத்தின் தலையில் உட்கார அவை வசதியானவை. வசதிதான் பிரச்சினை, அதைப் பிறகு பார்ப்போம்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான்கு கேள்விகள் போதும். இந்த வரிசையிலேயே கேளுங்கள்.

முதல் கேள்வி: காரணத்தில் வினை இருக்கிறதா? 'என் அப்பா மருத்துவமனையில் இருக்கிறார்' என்பதில் இருக்கிறது. 'அப்பாவின் உடல்நிலை' என்பதில் இல்லை. இந்தக் கேள்வியே பாதிச் சொற்களைத் தள்ளிவிடும்.

இரண்டாவது: இந்தக் காரணம் வாசிப்பவருக்கு ஏற்கெனவே தெரியுமா, இல்லை நீங்கள் இப்போதுதான் சொல்கிறீர்களா? புதிய செய்தி என்றால் அதற்கு அழுத்தம் கொடுக்கும் சொல் வேண்டும்.

மூன்றாவது: இதே வாக்கியத்தை யாராவது வேறு மாதிரிப் படிக்க முடியுமா? அலுவலகக் கடிதத்துக்கும் மருத்துவக் குறிப்புக்கும் இதுதான் உயிர்நாடி.

நான்காவது: யார் படிக்கப்போகிறார்கள்? தேர்வுத் தாள் திருத்துபவரா, மனிதவள அதிகாரியா, நண்பரா? தொனியைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். நம்மில் பலர் அதை முதலில் பார்த்துவிடுகிறோம்.

அவசரமாக ஒரு கடிதத்தை முடிக்க வேண்டியவர்களுக்கு ஒரு அட்டவணை:

| சொல் | பின்னால் வருவது | பொருந்தும் இடம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| பிகாஸ் | எழுவாய் + வினை | புதிய காரணம், நேரடிப் பதில் | 'நாட்' உடன் வந்தால் இரண்டு பொருள் |
| பிகாஸ் ஆஃப் | பெயர் | எங்கும் | கிட்டத்தட்ட இல்லை |
| சின்ஸ் | எழுவாய் + வினை | இருவருக்கும் தெரிந்த காரணம் | 'அப்போதிருந்து' என்றும் படிக்கலாம், குற்றம் சாட்டும் தொனி |
| ஆஸ் | எழுவாய் + வினை | பழகிப்போன விடுப்புக் கடிதம் | 'அந்த நேரத்தில்' என்றும் படிக்கலாம் |
| டியூ டு | பெயர் | 'இஸ்', 'வாஸ்' சொற்களுக்குப் பின் | பெயர்ச்சொல் குவியல், பழைய விதிப்படி திருத்துபவர் அடிக்கலாம் |
| ஓயிங் டு | பெயர் | அறிவிப்பின் தொடக்கம் | விறைப்பு |
| ஆன் அக்கவுன்ட் ஆஃப் | பெயர் | கடை, அலுவலக அறிவிப்பு | பேச்சில் ஒட்டாது |
| தேங்க்ஸ் டு | பெயர் | நல்ல விளைவு | கெட்ட விளைவுக்குப் போட்டால் கிண்டல் |

## பிகாஸ்

குழந்தைச் சொல் என்ற பெயர் இதற்கு எப்படி வந்தது என்று யோசித்தால் பள்ளிதான் நினைவுக்கு வருகிறது. 'பிகாஸில் வாக்கியத்தைத் தொடங்காதே' என்று சொல்லித்தந்தார்கள். குழந்தைகள் 'பிகாஸ் தி பஸ் வாஸ் லேட்.' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்கள். காரணம் இருக்கிறது, முடிவு இல்லை. அந்த அரைகுறை வாக்கியத்தைத் தடுக்க ஆசிரியர்கள் போட்ட வேலி அது. 'பிகாஸ் தி பஸ் வாஸ் லேட், ஐ மிஸ்ட் தி ட்ரெய்ன்' என்று முழுதாக எழுதினால் ஒரு தவறும் இல்லை. குழந்தை வளர்ந்துவிட்டது, வேலி மட்டும் நிற்கிறது.

எழுவாயும் வினையும் உள்ள துண்டைக் கொண்டுவரும் பிகாஸ், சின்ஸ், ஆஸ் மூன்றில், பிகாஸால் மட்டுமே முடிகிற சில காரியங்கள் உண்டு. 'வை?' என்று யாராவது கேட்டால் தனியாக நின்று பதில் சொல்லக்கூடியது பிகாஸ் ஒன்றுதான். 'வை ஆர் யூ லேட்?' என்ற கேள்விக்கு 'சின்ஸ் ஐ மிஸ்ட் தி பஸ்' என்றோ 'ஆஸ் ஐ மிஸ்ட் தி பஸ்' என்றோ பதில் சொல்ல முடியாது. 'ஒன்லி பிகாஸ்', 'மெயின்லி பிகாஸ்', 'பார்ட்லி பிகாஸ்' என்று காரணத்தை அளந்து காட்டவும் இதனால்தான் முடியும். 'ஒன்லி ஆஸ்' என்று ஒன்று கிடையாது. அதாவது, காரணமே செய்தியாக இருக்கும் இடத்தில் பிகாஸுக்கு மாற்று இல்லை. நேர்காணலில் 'ஏன் முந்தைய வேலையை விட்டீர்கள்' என்று கேட்கிறார்கள். காரணத்தைத்தான் கேட்கிறார்கள். அங்கே சின்ஸ் போட்டு ஆரம்பித்தால், முக்கியமானதைச் சொல்லாமல் தாண்டிப் போவது போல ஒலிக்கும்.

சரி, செலவு என்ன? 'நாட்' என்ற சொல்லோடு சேரும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. இதைப் படியுங்கள்:

'ஐ டிட் நாட் லீவ் பிகாஸ் ஆஃப் மை மேனேஜர்.'

வேலையை விட்டாரா இல்லையா? 'விட்டேன், ஆனால் மேனேஜர் காரணம் இல்லை' என்றும் படிக்கலாம். 'மேனேஜருக்காகவே விடாமல் இருந்தேன்' என்றும் படிக்கலாம். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வாழ்க்கைக் கதைகள் ஒரே வரியில் இருக்கின்றன. தமிழிலும் 'மேனேஜரால் நான் வேலையை விடவில்லை' என்று எழுதினால் இதே சிக்கல்தான். ஆனால் நாம் பேசும்போது குரலில் சரிசெய்துவிடுகிறோம். மின்னஞ்சலுக்குக் குரல் இல்லை. காற்புள்ளி வைத்தால் கொஞ்சம் உதவும், அதை நம்பி நான் எதையும் அனுப்பமாட்டேன். வாக்கியத்தை மாற்றிவிடுங்கள்: 'மை மேனேஜர் வாஸ் நாட் தி ரீசன் ஐ லெஃப்ட்' அல்லது 'ஐ ஸ்டேய்ட் பிகாஸ் ஆஃப் மை மேனேஜர்'. எதிர்மறை வினையும் பிகாஸும் ஒரே வாக்கியத்தில் தென்பட்டால் ஒரு தடவை நின்று பாருங்கள்.

இணையத்தில் இன்னொரு பிகாஸையும் பார்த்திருப்பீர்கள்: 'கான்ட் கம், பிகாஸ் எக்ஸாம்ஸ்'. 'ஆஃப்' இல்லை, வினை இல்லை, வெறும் பெயர் மட்டும். இந்தப் புதிய வழக்குக்காகவே அமெரிக்க வட்டார வழக்குக் கழகம் 2013-ஆம் ஆண்டின் சொல்லாக பிகாஸைத் தேர்ந்தெடுத்தது. நண்பர்களோடு அரட்டையில் அது உயிரோடு இருக்கிறது. கடிதத்துக்கு வேண்டாம்.

## பிகாஸ் ஆஃப்

இதற்கு அதிகம் எழுதத் தேவையில்லை. காரணம் பெயராக இருந்தால் இதைப் போடுங்கள். 'தி மேட்ச் வாஸ் ஸ்டாப்ட் பிகாஸ் ஆஃப் ரெய்ன்.' வாக்கியத்தின் தலையிலும் வரும், வாலிலும் வரும். எந்தத் திருத்துநரும் கைவைக்க மாட்டார். எது போடுவது என்று தெரியாமல் நிற்கும்போது, பெயருக்கு முன் 'பிகாஸ் ஆஃப்', வினையுள்ள துண்டுக்கு முன் பிகாஸ். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டே ஒருவர் ஆயுள் முழுக்க நல்ல ஆங்கிலம் எழுதிவிடலாம் என்று நான் நம்புகிறேன்.

## சின்ஸ்

'நமக்குத்தான் தெரியுமே' என்ற பாவனை இந்தச் சொல்லில் இருக்கிறது. 'சின்ஸ் டுமாரோ இஸ் அ ஹாலிடே, லெட் அஸ் மீட் ஆன் மண்டே.' நாளை விடுமுறை என்பது இருவருக்கும் தெரியும், அதை நிரூபிக்க வேண்டியதில்லை. திட்டம்தான் செய்தி. இங்கே பிகாஸ் போட்டால் விடுமுறையைப் புதுச் செய்தியாக அறிவிப்பது போல ஆகிவிடும். இந்த மாதிரி இடங்களில் சின்ஸ்தான் மேல்.

ஆனால் இந்தச் சொல்லின் பழைய பொருள் காலம். 'அதிலிருந்து' என்பதிலிருந்துதான் 'அதனால்' என்ற பொருள் கிளைத்தது. இரண்டு பொருளும் இன்றும் ஒரே உடம்பில் இருக்கின்றன. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

'சின்ஸ் தி நியூ மேனேஜர் கேம், த்ரீ பீப்பிள் ஹேவ் லெஃப்ட்.'

புது மேனேஜர் வந்த பிறகு மூன்று பேர் போய்விட்டார்கள் என்று நீங்கள் கணக்குச் சொல்லியிருக்கலாம். அவர் வந்ததால்தான் போனார்கள் என்று மேலே இருப்பவர் படித்துக்கொள்ளலாம். எழுதியவருக்குத் தெரியாமலேயே ஒரு புகார் கடிதம் உருவாகிவிட்டது. காலத்தைக் குறிக்கிறீர்கள் என்றால் 'ஆஃப்டர்' போடுங்கள், காரணத்தை என்றால் பிகாஸ் போடுங்கள்.

இரண்டாவது செலவு தொனியில் இருக்கிறது. 'சின்ஸ் யூ டிட் நாட் ரிப்ளை, வீ கேன்சல்ட் தி ஆர்டர்.' இலக்கணம் சரி. ஆனால் 'நீங்கள்தான் பதிலே போடவில்லையே' என்று விரல் நீட்டுகிறது. சின்ஸுக்குப் பின் எதிராளியின் தவறு வந்தால் அது தெரிந்த, முடிந்துபோன உண்மை என்று அறிவித்ததாகிவிடும். வாடிக்கையாளரிடம் இப்படி எழுதாதீர்கள். 'வீ டிட் நாட் ரிசீவ் அ ரிப்ளை, ஸோ வீ கேன்சல்ட் தி ஆர்டர்' என்றால் அதே செய்தி, சண்டை இல்லை.

## ஆஸ்

நம் ஊர்ப் பள்ளிகளில் படித்த எவருக்கும் இந்த வரி மனப்பாடம்: 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் ஸ்கூல்.' காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும் இதே வரிதான். 'எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்' என்ற தமிழ் வரிசைக்கு அப்படியே பொருந்துவதால் அது நம் கையில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கடிதத்தில் அது தவறும் இல்லை. படிப்பவர் அதை ஆயிரம் முறை படித்தவர், குழம்பமாட்டார்.

அந்தக் கடிதத்துக்கு வெளியே கொண்டுபோகும்போதுதான் எனக்குப் பயம். இந்த வரிசையில் மிக அதிகமாகப் பொருள் மாறக்கூடிய சொல் இது. 'போது', 'போல', 'ஆக' என்று பல வேலைகளை ஆஸ் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறது. மருத்துவமனைக் குறிப்பு ஒன்றில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

'தி ட்ரிப் வாஸ் ஸ்டாப்ட் ஆஸ் தி பேஷன்ட் வாஸ் பீயிங் ஷிஃப்டட்.'

நோயாளியை இடம் மாற்றியதால் நரம்பில் ஏற்றிய ட்ரிப்ஸை நிறுத்தினார்களா? மாற்றிக்கொண்டிருந்த சமயத்தில் வேறு ஏதோ காரணத்துக்காக நிறுத்தினார்களா? அடுத்த ஷிஃப்டில் வரும் செவிலியர் மறுபடி போடலாமா கூடாதா என்பது இதைப் பொறுத்தது. பணி ஒப்படைப்புக் குறிப்பு, இயந்திரப் பராமரிப்புப் பதிவு, காவல் நிலையத்தில் கொடுக்கும் எழுத்துப் புகார் ஆகிய இடங்களில் காரணத்துக்கு ஆஸ் வேண்டவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'ஆஸ் ஐ வாஸ் சிக், ஸோ ஐ டிட் நாட் கம்.' தமிழில் 'உடம்பு சரியில்லாததால், ஆகவே வரவில்லை' என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் மட்டும் ஆஸ் போட்ட பிறகும் கை தானாக ஸோ போடுகிறது. ஒன்று போதும். ஆஸ், சின்ஸ், பிகாஸ் மூன்றில் எது இருந்தாலும் ஸோவை எடுத்துவிடுங்கள்.

## டியூ டு

அலுவலகத்தின் செல்லப்பிள்ளை. கட்டுக் கட்டாகக் கடிதங்களில் பார்க்கிறோம், அதனாலேயே கௌரவமானது என்று நினைத்துக்கொள்கிறோம்.

'இந்த மாதம் ட்யூ கட்டணும்' என்கிறோமே, அதே சொல்தான் இது. கொடுக்க வேண்டிய கடன் என்பதுதான் அதன் வேர்ப்பொருள். லத்தீனில் கடன்பட்டிருப்பதைக் குறித்த சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'ஹிஸ் ஆப்சென்ஸ் வாஸ் டியூ டு ஃபீவர்' என்றால், அவர் வராமல் போனது காய்ச்சலின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்பது போல. அதாவது டியூ ஒரு பெயரடை, அது ஒரு பெயரைத் தழுவித்தான் நிற்க வேண்டும். மேலே உள்ள வாக்கியத்தில் 'ஆப்சென்ஸ்' என்ற பெயரைத் தழுவுகிறது. 'ஹி வாஸ் ஆப்சென்ட் டியூ டு ஃபீவர்' என்பதில் தழுவ ஒரு பெயர் இல்லை, முழு வாக்கியத்தையும் தழுவப் பார்க்கிறது.

இதைத்தான் பழைய இலக்கணக்காரர்கள் எதிர்த்தார்கள். 1926-இல் வெளிவந்த தன் ஆங்கில வழக்கு அகராதியில் ஃபவுலர் என்ற மொழி அறிஞர் இந்தப் பிரயோகத்தைப் படிப்பறிவில்லாதவர்களோடு சேர்த்துப் பேசினார். ஆனால் மொழி அவருக்காகக் காத்திருக்கவில்லை. 1957-இல் ஒட்டாவாவில் கனடா நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைத்து எலிசபெத் அரசி படித்த உரையிலேயே, தானியத்தை விற்க முடியாமல் திண்டாடிய புல்வெளி மாகாண விவசாயிகளைப் பற்றிய வாக்கியம் 'டியூ டு' என்றுதான் தொடங்குகிறது. தரமான ஆங்கிலத்தை 'அரசியின் ஆங்கிலம்' என்பார்கள்; அரசியே சொன்ன பிறகு அதை அரசியின் ஆங்கிலம் இல்லை என்று எப்படிச் சொல்வது? இன்று பெரும்பாலானோர் இரண்டு விதத்தையும் ஏற்கிறார்கள்.

அப்படியானால் நாம் கவலைப்பட வேண்டுமா? தேர்வு எழுதுபவர் கவலைப்பட வேண்டும். போட்டித் தேர்வுகளின் 'பிழை கண்டுபிடி' கேள்விகளைப் பழைய விதியை மனதில் வைத்து அமைப்பவர்கள் இன்னும் உண்டு. சோதிப்பது சுலபம்: 'டியூ டு' இருக்கும் இடத்தில் 'காஸ்ட் பை' என்று வைத்துப் படியுங்கள். 'தி டிலே வாஸ் காஸ்ட் பை ரெய்ன்' பொருந்துகிறது, ஆகவே 'டியூ டு' சரி. 'வீ கேம் லேட் காஸ்ட் பை ரெய்ன்' இடறுகிறது, ஆகவே 'பிகாஸ் ஆஃப்'.

எனக்கு இந்த இலக்கணச் சண்டையைவிடப் பெரிய கவலை வேறொன்று. 'டியூ டு' பெயரை மட்டுமே ஏற்கும் என்பதால், வினைகளையெல்லாம் பெயராக்கி அதன் வாயில் திணிக்கிறோம். 'டியூ டு நான்-சப்மிஷன் ஆஃப் டாக்குமென்ட்ஸ், யுவர் அப்ளிகேஷன் ஹேஸ் பீன் ரிஜெக்டட்.' ஆவணத்தை யார் கொடுக்கவில்லை? விண்ணப்பித்தவரா, நடுவில் இருந்த முகவரா, கிளை அலுவலகம் மேலே அனுப்பாமல் வைத்திருந்ததா? அந்த வரியில் ஆள் இல்லை. இப்படி ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தான் எங்கே தவறினோம் என்றே தெரியாமல் என்னிடம் வந்த ஒரு அம்மாவை எனக்கு மறக்க முடியாது. எல்லாத் தாளையும் கொடுத்திருந்தார், ரசீதும் வைத்திருந்தார். 'பிகாஸ் வீ டிட் நாட் ரிசீவ் யுவர் இன்கம் சர்டிஃபிகேட்' என்று ஒரு வரி எழுதியிருந்தால், எந்தத் தாள், யாருக்கு வந்து சேரவில்லை என்று அவருக்குப் புரிந்திருக்கும். பிகாஸ் போட்டால் எழுவாயை எழுதித்தான் ஆக வேண்டும். அந்தக் கட்டாயம் நல்லது.

'டியூ டு தி ஃபேக்ட் தட்' என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வினையுள்ள துண்டைக் கொண்டுவர ஐந்து சொற்களில் கட்டிய பாலம் அது. இலக்கணப்படி சரி. பிகாஸ் என்ற ஒரு சொல் அந்த ஐந்தின் வேலையையும் பார்க்கும்.

'டியூ டு' மற்றவற்றைவிட மேலாக இருக்கும் இடமும் உண்டு: ஆள் இல்லாத, இயற்கையான அல்லது இயந்திரக் காரணம். 'தி பவர் கட் வாஸ் டியூ டு அ ஃபால்ட் இன் தி ட்ரான்ஸ்ஃபார்மர்.' 'தி டேமேஜ் வாஸ் டியூ டு டெர்மைட்ஸ்.' இங்கே யாரையும் மறைக்கவில்லை, மறைக்க ஆளே இல்லை. பொறியாளர் அறிக்கையிலும் காப்பீட்டு ஆய்விலும் இது கச்சிதமாக உட்காரும்.

## ஓயிங் டு, ஆன் அக்கவுன்ட் ஆஃப், இன் வியூ ஆஃப்

ஓயிங் என்பதும் கடன்தான், 'ஓ' என்றால் கடன்பட்டிருப்பது. அக்கவுன்ட் என்றால் கணக்கு. காரணம் சொல்ல ஆங்கிலம் எடுத்துக்கொண்ட சொற்களில் இத்தனை வட்டிக்கடை வாசனை இருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

டியூ டு நடந்துவந்த பாதையில் 'ஓயிங் டு' முன்பே நடந்து முடித்துவிட்டது, அதனால் வாக்கியத்தின் தொடக்கத்தில் அதை வைத்தால் எந்தப் பழைய திருத்துநரும் கோபப்படமாட்டார். 'ஓயிங் டு ஹெவி ரெய்ன், தி எக்ஸாம் இஸ் போஸ்ட்போன்ட்.' பேச்சில் சொன்னால் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக இருக்கும்.

'ஆன் அக்கவுன்ட் ஆஃப்' நம்முடைய 'முன்னிட்டு' என்பதற்குப் பக்கத்துவீடு. 'ஆன் அக்கவுன்ட் ஆஃப் பொங்கல், தி ஷாப் வில் பி க்ளோஸ்ட்' என்று கடைக் கதவில் எழுதி ஒட்டலாம்.

'இன் வியூ ஆஃப்' கொஞ்சம் வேறு. அது நடந்ததன் காரணத்தைவிட, ஒருவர் எதைக் கருத்தில் கொண்டு முடிவெடுத்தார் என்பதைச் சொல்லும். 'இன் வியூ ஆஃப் தி சைக்ளோன் வார்னிங், தி கலெக்டர் ஹேஸ் டிக்ளேர்ட் அ ஹாலிடே' சரி. ஆனால் 'தி ட்ரீ ஃபெல் இன் வியூ ஆஃப் தி சைக்ளோன்' என்று எழுதினால் மரம் யோசித்து முடிவெடுத்து விழுந்ததாகிவிடும்.

## தேங்க்ஸ் டு

தமிழில் இதற்கு அச்சு அசலான துணை உண்டு: 'உங்க புண்ணியத்துல'. 'உங்க புண்ணியத்துல பையன் படிச்சு முடிச்சுட்டான்' என்றால் நெகிழ்ச்சி. 'உங்க புண்ணியத்துல நான் மழையில நனைஞ்சேன்' என்றால் குத்தல். 'தேங்க்ஸ் டு'வும் இப்படியே. நல்லது நடந்தால் நன்றி, கெட்டது நடந்தால் கிண்டல். 'தேங்க்ஸ் டு தி ஆக்சிடென்ட், மை பிரதர் இஸ் இன் ஹாஸ்பிடல்' என்று யாரும் எழுதிவிடக் கூடாது. ஆனால் சக ஊழியருக்கு 'தேங்க்ஸ் டு யுவர் ஹெல்ப், வீ ஃபினிஷ்ட் ஆன் டைம்' என்று எழுதுங்கள். 'பிகாஸ் ஆஃப் யுவர் ஹெல்ப்' என்பதில் காரணம் மட்டும் இருக்கிறது, இதில் நன்றியும் சேர்ந்துவிடுகிறது.

## 'தி ரீசன் இஸ் பிகாஸ்'

'தி ரீசன் ஃபார் மை டிலே இஸ் பிகாஸ் தி பஸ் ப்ரோக் டவுன்.' காரணத்தை இரண்டு தடவை சொல்கிறது. நம் பேச்சிலும் 'காரணம் என்னன்னா, ஏன்னா பஸ் ரிப்பேர்' என்று வரும். தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர்களும் இப்படிச் சொல்கிறார்கள், அதனால் பேச்சில் வந்துவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுத்தில் 'ரீசன்' போட்டால் பின்னால் 'தட்' போடுங்கள்: 'தி ரீசன் இஸ் தட் தி பஸ் ப்ரோக் டவுன்'. அல்லது ரீசனை விட்டுவிட்டு பிகாஸை வைத்துக்கொள்ளுங்கள். 'தி ரீசன் இஸ் டியூ டு' என்பதும் இதே இரட்டிப்பு, அதைவிடக் கரடுமுரடு.

## எந்தச் சூழலுக்கு எது

விடுப்புக் கடிதம்: பள்ளிக்கு என்றால் மனப்பாடமான ஆஸ் இருந்துவிட்டுப் போகட்டும். அலுவலகத்துக்கு என்றால் முடிவை முதலில் சொல்லிவிட்டு பிகாஸ்: 'ஐ நீட் லீவ் டுமாரோ பிகாஸ் மை டாட்டர் ஹேஸ் ஃபீவர்.' விடுப்பு வேண்டும் என்பதுதான் மேலதிகாரிக்கு முதலில் தெரிய வேண்டியது.

தவறுக்கு மன்னிப்பு: பிகாஸ், கூடவே எழுவாயாக 'ஐ' அல்லது 'வீ'. 'டியூ டு அன் ஓவர்சைட்' என்று எழுதினால் தவறு தானாக நடந்ததாகப் படும். 'பிகாஸ் ஐ டிட் நாட் செக் தி டேட்' என்று எழுதுகிறவரை எதிராளி சீக்கிரம் மன்னிக்கிறார். இது என் அனுபவம்.

பொது அறிவிப்பு: ஓயிங் டு அல்லது ஆன் அக்கவுன்ட் ஆஃப். சுவரில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் விறைப்பு அழகுதான்.

தேர்வு: வினையுள்ள துண்டுக்கு பிகாஸ், பெயருக்கு 'பிகாஸ் ஆஃப்', 'வாஸ்' என்பதற்குப் பின்னால் 'டியூ டு'.

இன்னொரு வழியும் இருக்கிறது. நாம் அதை மறந்தேபோகிறோம். காரணச் சொல்லே இல்லாமல் எழுதுவது. இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படிப்பவர் நடுவில் உள்ள காரணத்தைத் தானே கண்டுகொள்வார். துக்கச் செய்தியிலும், கெஞ்சாமல் ஒன்றைக் கேட்கும்போதும் இது மிக நன்றாக வேலை செய்யும். அந்தத் தம்பியின் தாளில் இருந்த நான்கு சொற்களையும் பேசி முடித்த பிறகு, பிகாஸ் போட்ட வாக்கியத்தையும் இந்தச் சொல்லில்லா வடிவத்தையும் எழுதிக் காட்டி, எது உங்கள் குரல் மாதிரி இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொண்டார்:

'மை ஃபாதர் இஸ் இன் ஹாஸ்பிடல். மே ஐ ஜாயின் ஆன் வெட்னஸ்டே?'